மலைப்பாதையில் டீசல் பிக்கப்: என்ஜின் 'ட்யூனிங்' எங்கே உதவும், எங்கே கெடுக்கும்?

இமாசலப் பிரதேசத்தில் ஜூலை முதல் அக்டோபர் வரை ஆப்பிள் பருவம். கோட்கட், ரோஹ்ரூ, கின்னௌர் தோட்டங்களில் பறிக்கப்படும் பழங்கள் சோலன், பர்வானூ, சண்டீகர் சந்தைகளுக்கு இறங்கிச் செல்கின்றன. பெரிய லாரி நுழைய இயலாத குறுகிய தோட்டப் பாதைகளில் அந்தப் பெட்டிகளைச் சுமப்பவை டீசல் பிக்கப் வாகனங்கள். ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை இந்தச் சில மாதங்களில் ஈட்டியாக வேண்டிய உரிமையாளருக்கு, பருவத்தின் நடுவே ஒரு வாரம் வண்டி பட்டறையில் நின்றாலும் கடன் தவணை தவறிப் போகும். ஆகவேதான் பருவம் நெருங்கும்போது பட்டறைகளில் ஒரே கோரிக்கை திரும்பத் திரும்பக் கேட்கிறது: வண்டி நன்றாக இழுக்க வேண்டும், டீசலும் குறைவாகக் குடிக்க வேண்டும், 'ட்யூனிங்' செய்து கொடுங்கள்.

இந்த ஒரு சொல்லுக்குள் இரு வேறு பணிகள் அடங்கியுள்ளன. தேய்ந்தும் அடைத்தும் போன என்ஜினைத் தொழிற்சாலை வகுத்த அளவுக்கு மீட்பது ஒன்று. தொழிற்சாலை அளவைத் தாண்டிக் கூடுதல் டீசலைச் செலுத்திச் சக்தியைக் கூட்டுவது மற்றொன்று. முதலாவது என்ஜினின் ஆயுளை நீட்டுகிறது. இரண்டாவது பெரும்பாலும் அந்த ஆயுளிலிருந்து கடன் வாங்குவதுதான்.

டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது எழும் வெப்பத்திலேயே, பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் முழுமையாகக் கலப்பதில்லை என்பதால், கரும்புகை வராமலிருக்க இதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று தேவைப்படுகிறது. காற்று போதாதபோது டீசலை மட்டும் கூட்டினால் இழுவையில் சிறிது ஏற்றம் தெரியும். மிஞ்சிய டீசல் கரியாகவும் வெப்பமாகவும் வெளியேறும். எந்த ட்யூனிங்கும் மீற இயலாத எல்லை இது.

மலையில் இந்த எல்லை இன்னும் இறுகுகிறது. சண்டீகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிம்லா சுமார் 2,200 மீட்டர், நார்கண்டா சுமார் 2,700 மீட்டர். நார்கண்டாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய என்ஜின் அந்த உயரத்தில் அதே விகிதத்தில் காற்றை இழக்கிறது. சமவெளியில் சரியாக ஓடிய வண்டி மேலே ஏறியதும் கரும்புகை கக்குவதற்கு இதுவே காரணம். இழுவை குறைந்துவிட்டது என்று அந்த இடத்தில் பம்ப்பின் டீசல் அளவைக் கூட்டுவது, மூச்சுத் திணறுபவருக்கு மேலும் சோறு ஊட்டுவதற்கு ஒப்பாகும். டர்போ உள்ள வண்டி இந்த இழப்பின் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது, முழுவதையும் அல்ல.

பழைய பம்ப்பும் புதிய பம்ப்பும்

இந்தியாவில் டீசல் மெக்கானிக்குகளின் ஒரு தலைமுறை 'மைக்கோ' என்ற பெயரோடு வளர்ந்தது. 1951-இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008-இல் நிறுவனம் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய பின்னரும், பம்ப் பழுது பார்க்கும் கடைகளைப் பலர் மைக்கோ கடை என்றே அழைக்கின்றனர். அந்தக் கால இயந்திர பம்ப்பில் ட்யூனிங் என்பது கையால் செய்யும் வேலை. டீசல் பீய்ச்சும் நேரத்தைப் பம்ப்பின் நிலையைத் திருப்பிச் சரிசெய்தல், நாசில்களைக் கழற்றி எந்த அழுத்தத்தில் திறக்கின்றன, சொட்டுகின்றனவா என்று சோதனைக் கருவியில் பார்த்தல், பம்ப்பைச் சோதனை மேடையில் ஏற்றி எல்லாச் சிலிண்டர்களுக்கும் சம அளவு டீசல் செல்வதை உறுதிசெய்தல் ஆகியவை அதில் அடங்கும்.

இவற்றோடு வால்வு இடைவெளியும் சேரும். இசுசு வகையைச் சேர்ந்த 4ஜேஏ1 என்ஜினில் குளிர்ந்த நிலையில் இந்த இடைவெளி 0.4 மி.மீ. இடைவெளி குறைந்தால் வால்வு முழுமையாக மூடாமல் கருகும். கூடினால் தட்டும் ஓசை எழும். பழைய என்ஜின்களில் பலரும் மறந்துவிடும் வேலை இது. நாசிலையும் பம்ப்பையும் சந்தேகிப்பதற்கு முன் வால்வு இடைவெளியையும் ஏர் ஃபில்டரையும் பார்ப்பது செலவு குறைந்த வழி.

தற்போதைய பிக்கப்புகளில் காமன் ரெயில் முறை வந்துவிட்டது. ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் காத்திருக்க, எந்தக் கணத்தில் எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. அந்த அழுத்தம் 1,600 பார் அளவையும் தொடக்கூடியது. கார் டயரில் இருப்பது 2 பார் அளவு மட்டுமே. பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் ஸ்பேனரால் தளர்த்திப் பார்ப்பார்கள். காமன் ரெயில் என்ஜினில் இதைச் செய்யவே கூடாது. ஊசி முனை போன்ற டீசல் தாரை தோலைத் துளைத்துத் திசுக்களுக்குள் செல்லும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அது அறுவை சிகிச்சைக்கான அவசர நிலை. கையையே இழக்க நேரிடலாம். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் இதே ஆபத்துடையது.

இம்முறையில் இன்ஜெக்டரின் நலத்தை அறிய வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடுவார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாக வழிந்தால் அது உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். பல வாகனங்களில் புதிய இன்ஜெக்டர் பொருத்தும்போது அதன் மேல் அச்சிட்ட குறியீட்டெண்ணை ஸ்கேனர் மூலம் கணினியில் பதிவுசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் புதிய பாகம் போட்ட பிறகும் என்ஜின் நடுங்கும். உரிமையாளர் போலிப் பாகம் என்று கடைக்காரரைக் குறைகூறுவார்.

தண்ணீர், தூசி, எண்ணெய்

காமன் ரெயில் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் விரைவில் கொல்வது டீசலில் கலந்த தண்ணீரும் நுண்ணிய தூசியும். உள்ளே நகரும் பாகங்களுக்கு இடையேயான இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. அவற்றுக்கு மசகும் டீசல்தான். தண்ணீர் புகுந்தால் மசகு போய்த் துரு வரும். துருத் துகள் ரெயில் முழுவதும் பரவும். அப்போது ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் போதாது. டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை அனைத்தையும் சுத்தம் செய்யவோ மாற்றவோ நேரிடும்.

ஆகவே டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவது ஓட்டுநரே செய்ய வேண்டிய வேலை. டேஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த சந்தை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. புதிய ஃபில்டரைப் பொருத்தும்போது, விரைவாக ஸ்டார்ட் ஆகட்டும் என்று கேனிலிருந்து டீசலை அதன் உள்ளே ஊற்றும் வழக்கமும் தீங்கானது. வடிகட்டாத டீசல் ஃபில்டரின் சுத்தமான பக்கத்துக்கே நேரடியாகச் சென்றுவிடும். கை பம்ப்பை அழுத்திக் காற்றை வெளியேற்றுவதே முறை. இரவில் டேங்க்கை ஏறக்குறைய நிரப்பி வைப்பதும் நல்லது. காலியிடத்திலுள்ள ஈரக்காற்று குளிரில் நீராகப் படிவது அதனால் குறையும்.

ஏர் ஃபில்டரைத் தரையில் தட்டிச் சுத்தம் செய்வது எங்கும் காணப்படும் காட்சி. தட்டும்போது காகித மடிப்பு விலகி, தூசி நேராக டர்போவுக்கும் சிலிண்டருக்கும் செல்லும். சேவைக் கையேடு அனுமதித்தால், குறைந்த அழுத்தக் காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகச் செலுத்தலாம். இரட்டை ஃபில்டர் உள்ள வண்டியில் உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யாமல் மாற்றுவதே சரி. டர்போவுக்கும் என்ஜினுக்கும் இடையேயுள்ள ரப்பர் குழாயில் விரிசல் விட்டாலும் இழுவை குறையும். வேகமெடுக்கும்போது புதிதாக எழும் சீழ்க்கை ஒலியும், குழாய் இணைப்பில் படிந்த எண்ணெய்க் கறையும் அதைக் காட்டிக்கொடுக்கும். இழுவை இல்லை என்று ட்யூனிங்குக்கு வரும் வண்டிகளில் இந்தக் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு கிளாம்ப் இறுக்குவதோடு வேலை முடிந்துவிடக் கூடும்.

எண்ணெயைப் பொருத்தவரை விலையைவிடத் தரக் குறியீடே முக்கியம். பிஎஸ்-6 வாகனங்களுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் பரிந்துரைக்கப்படுகிறது. பழைய வண்டியில் பயன்படுத்திய எண்ணெயையே இதிலும் ஊற்றினால், எரியும் எண்ணெயின் சாம்பல் புகைக்குழாயிலுள்ள வடிகட்டியில் படிந்துவிடும். மற்றொரு குறிப்பையும் கவனிக்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் அளவு குறைந்தால் கவலைப்படுவோர், அளவு கூடினால் மகிழ்ந்துவிடுகின்றனர். ஊற்றாமலே எண்ணெய் கூடியிருந்தால் அதில் டீசல் கலந்துள்ளது என்று கொள்ளலாம். நீர்த்த எண்ணெய் பேரிங்கைக் காக்காது. நீண்ட ஏற்றம் ஏறி நின்றவுடன் என்ஜினை அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும் என்பதும் இதோடு தொடர்புடையது. கடுஞ்சூடான டர்போவின் தண்டில் எண்ணெய் ஓட்டம் சட்டென நின்றால், அங்கேயே எண்ணெய் கருகிக் கட்டிதட்டும்.

புகை சொல்லும் சேதி

கரும்புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. ஏர் ஃபில்டர், டர்போ குழாய், ஈஜிஆர் வால்வு, இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடலாம். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது; டர்போ சீல், வால்வு சீல், பிஸ்டன் ரிங் ஆகியவற்றுள் ஒன்று தேய்ந்திருக்கும். வெண்புகை இரு வகைப்படும். குளிர்காலைப் பொழுதில் சிறிது நேரம் வந்து, கண்ணை எரிக்கும் டீசல் நெடியுடன் மறைந்தால் ஹீட்டர் பிளக் பழுதாக இருக்கலாம். என்ஜின் சூடான பிறகும் தொடர்ந்து, இனிப்பான வாடையும் சேர்ந்து, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்நிலையில் சுமையுடன் ஓட்டினால் என்ஜினையே இழக்க நேரிடும்.

வெப்பத்துக்கு அஞ்சி தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியும் வழக்கம் சமவெளியில் தோன்றி மலைக்கும் பரவியுள்ளது. பழைய என்ஜினே அதனால் டீசலை வீணாக்கியது. பிஎஸ்-6 என்ஜினிலோ உரிய வெப்பநிலை வராவிட்டால் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் நடவடிக்கையைக் கணினி தொடங்காமலே போகலாம். ரேடியேட்டர் அடைப்பை நீக்கி, குழாய்த் தண்ணீருக்குப் பதில் உரிய கூலன்ட் ஊற்றுவதே நோய்க்கு மருந்து.

வடிகட்டியும் வழக்கும்

நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 தரம் நடைமுறைக்கு வந்தது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அதன் பயனாகவே டிபிஎஃப் எனப்படும் துகள் வடிகட்டியைப் பொருத்துவது சாத்தியமானது. கரித்துகளைப் பிடித்து வைக்கும் இந்தப் பாகம் நிரம்பும்போது, கூடுதல் டீசலைப் பீய்ச்சி உள்ளே சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை உண்டாக்கி, கரியை எரித்துவிடுகிறது கணினி. இதற்கு வண்டி நிற்காமல் சுமார் 15 முதல் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும்.

ஆப்பிள் பருவத்தில் சிக்கல் இங்குதான் எழுகிறது. ஏற்றத்தில் புகைக்குழாய் நன்கு சூடாகும். அது வடிகட்டிக்கு உகந்தது. சந்தை வாயிலில் என்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதும், தோட்டத்துக்கும் சாலைக்கும் இடையே குட்டை ஓட்டங்கள் ஓடுவதும் அதற்குப் பகை. எரிப்பு தொடங்கிய நடுவில் என்ஜினை அணைத்துவிட்டால் கரி அப்படியே தங்கும்; பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி எண்ணெயில் இறங்கும். எண்ணெய் அளவு கூடுவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். எச்சரிக்கை விளக்கை அலட்சியம் செய்தால் கணினி என்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். சுமையோடு வண்டி பாதி மலையில் ஊரும். விளக்கு எரிந்தவுடன் நெடுஞ்சாலையில் சற்றே குறைந்த கியரில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதித்தால் பட்டறையில் ஸ்கேனர் மூலமே எரிக்க வேண்டும்.

இந்தத் தொல்லையால்தான் வடிகட்டியை உள்ளே குடைந்தெடுத்து, கணினி நிரலையும் மாற்றித் தருவதாகச் சொல்வோரிடம் உரிமையாளர்கள் செல்கின்றனர். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாசு விதி மீறலுக்கான 190(2) பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் வரை செல்கிறது. மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் உண்டு. சட்டம் கைவைப்பது வாகன உரிமையாளர் மீதும் ஓட்டுநர் மீதும் என்பதைப் பலரும் பிடிபட்ட பின்னரே அறிகின்றனர். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருளாக அறிவித்தது. அந்தப் புகையை நாள் முழுதும் முதலில் சுவாசிப்பவர் சந்தை வரிசையில் நிற்கும் ஓட்டுநரே.

நிரல் மாற்றத்தால் சக்தி கூடுவது உண்மை. ஆனால் தொழிற்சாலை விட்டுவைத்த இடைவெளி வீணாக விடப்பட்டதன்று. வெயில், உயரம், மட்டமான டீசல், அதிகச் சுமை ஆகிய அனைத்தும் ஒரே நாளில் கூடினாலும் பிஸ்டன் உருகாமலிருக்க வைத்த காப்பு அது. டீசலை மேலும் செலுத்தினால் புகைக்குழாய் வெப்பம் ஏறும். நீண்ட ஏற்றத்தில் டர்போவும் பிஸ்டன் தலையும் அதைத் தாங்க வேண்டும். கிளட்ச், கியர் பெட்டி, ரேடியேட்டர், பிரேக் ஆகியவையோ பழைய அளவிலேயே இருக்கும். உத்தரவாதக் கோரிக்கை நிராகரிக்கப்படவும், விபத்துக் காப்பீட்டில் தகராறு எழவும் இது வழிவகுக்கும்.

இறக்கத்தில் ஒரு தவறான சிக்கனம்

ஏற்றத்தில் செலவான டீசலை இறக்கத்தில் மீட்கலாம் என்று நியூட்ரலில் இறங்குவோர் உள்ளனர். மின்னணு முறையில் டீசல் செலுத்தும் என்ஜினில் இந்தக் கணக்கு தலைகீழானது. கியரில் இறங்கி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுழற்றுவதால் கணினி டீசலை முழுவதும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் இறங்கினால் என்ஜின் அணையாமலிருக்க டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். அதோடு சுமையின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். என்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடப் பம்ப்பும் பவர் ஸ்டீயரிங்கும் நின்றுபோகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் வழக்கு இன்றும் செல்லுபடியாகும்.

குளிர் வந்தபின்

பருவம் முடிந்ததும் சில வண்டிகள் ஸ்பிதி, லடாக் பக்கம் செல்கின்றன. கடுங்குளிரில் சாதாரண டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். இதற்கெனப் பூஜ்ஜியத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை ஓட்டம் குன்றாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழைய உத்தி காமன் ரெயில் பம்ப்பின் மசகைக் குறைத்துவிடும். டேங்க்கின் கீழ் தீ மூட்டுவது உயிருக்கே ஆபத்து. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் பயன்படுத்தும் வண்டிகளில் அக்கரைசல் பூஜ்ஜியத்துக்குக் கீழ் 11 டிகிரியில் உறையும். உறைவது கேடன்று; வண்டியின் ஹீட்டர் அதை உருக்கிவிடும். உறையாமலிருக்கத் தண்ணீரோ வேறு திரவமோ கலப்பதே அந்த அமைப்பைப் பாழாக்கும்.

குளிர்காலம் பழைய பிக்கப்புகள் கைமாறும் காலமும்கூட. வாங்குபவர் என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும் காலைப் பொழுதில் சென்று முதல் ஸ்டார்ட்டைத் தாமே பார்ப்பது நல்லது. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஹீட்டர் பிளக்கின் குறையும் அழுத்தக் குறைவும் தெரியாது. என்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் மெல்லிய ஆவி வரலாம். விட்டுவிட்டு வேகமாகப் புகை உந்தினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது. பிஎஸ்-6 வண்டி என்றால் ஆறியிருக்கும் புகைக்குழாயின் முனைக்குள் விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். வடிகட்டி சரியாக இருக்கும் வண்டியில் அங்கு கரி அனேகமாக ஒட்டாது. விரல் கருத்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது குடைந்தெடுக்கப்பட்டுள்ளது. புதிதாக ஒன்று பொருத்தும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். பேசாமல் வாங்கினால், பெயர் மாற்றம் ஆன நாளிலிருந்து அந்த மாற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் புதிய உரிமையாளர்.